சிவப்பு விளக்கை அணைத்தால் கரண்ட் பில் குறையுமா?

கோபாலபுரம் கதிர்:
கோடை வந்தாலே இந்த ஃபார்வர்டும் வந்துவிடுகிறது: ‘சார்ஜரைப் பிளக்கில் விடாதீர்கள், டிவியின் சிவப்பு விளக்கை அணையுங்கள், பில் பாதியாகும்.’ யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு வாட் இழுக்கும் பொருள் இரண்டு மாதம் இரவும் பகலும் ஓடினால் 1.44 யூனிட். இப்போதைய எல்இடி டிவி ஸ்டாண்ட்பையில், அதாவது ரிமோட்டில் மட்டும் அணைத்துச் சுவிட்சை விட்டுவைத்த நிலையில், இழுப்பது பெரும்பாலும் அரை வாட்டுக்குள். முக்கால் யூனிட்கூட வராது. போன் மாட்டாத சார்ஜர் அதற்கும் கீழே. இதற்காக வீட்டில் எல்லோரையும் விரட்டுவது வீண். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் சுற்றும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 14 மணி நேரம் சுற்றினால், ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 38 யூனிட் மிச்சம். பேச வேண்டியது அதை.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
கதிர் தம்பி, உங்களுக்கு வசதியான இரண்டு பொருளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டீங்க. டிவியை விடுங்க, அதுக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸைக் காலையில் தொட்டுப் பாருங்க. ராத்திரி முழுக்க ‘அணைந்து’ கிடந்தும் சூடாக இருக்கும். பல பாக்ஸ்களில், அதுவும் பழையவற்றில், ரிமோட்டை அழுத்தினால் படமும் முன்பக்க விளக்கும்தான் போகும்; உள்ளே எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் என்று வைத்தால், டிவி பார்க்காத 19 மணி நேரத்துக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 11 யூனிட்டைத் தாண்டும். அப்புறம் ஏசி ஸ்டெபிலைசர். ஏசியை ரிமோட்டில் அணைத்தாலும் அதன் டிரான்ஸ்பார்மர் லைனில்தான் இருக்கிறது. 5 வாட் என்றாலும், ஏசியே போடாத மார்கழியிலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்.

கோபாலபுரம் கதிர்:
சரிங்கக்கா, ரெண்டும் சேர்த்து 20 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். 480 யூனிட் ஓடும் வீட்டில் அது நூற்றுக்கு நாலு. பழைய ஒன்றரை டன் ஏசியைத் தினம் கால் மணி நேரம் குறைவாக ஓட்டினாலே அது கிடைத்துவிடும். என் எரிச்சல் வேறு. சுவிட்சை அணைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டவர்தான் ஏசியை 18இல் வைத்துப் போர்வையைப் போர்த்துகிறார். ஸ்டார் முத்திரை ஏசிகள் 2020இலிருந்து 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆன் செய்ததும் முதல் வேலையாக அதைக் குறைக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலில் வந்து 24 வைத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம். நூற்றுக்கு நாலு என்று தள்ளுகிறீங்களே, பில் அப்படியா ஏறுகிறது? உங்கள் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை போய்விடும். அந்த ஒரு யூனிட் இருநூறு ரூபாய்க்கு மேல் இழுத்துவிடும். எங்கள் கேரளாவில் இன்னும் மோசம். மாதம் 250 வரை படிப்படியான விலை. தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை. இரண்டு மாத பில்லில் இங்கேயும் அதே 500தான். 510இல் நிற்கும் வீட்டுக்கு இந்த 20 யூனிட் சில்லறை இல்லை. இன்னொன்று, பிஎல்டிசி ஃபேனுக்குக் காசு வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் ஓனர் ஃபேனைக் கழற்றிவிட்டு மாட்டவா முடியும்? சுவிட்சுக்கு விரல் போதும்.

மீனாட்சிபுரம் பாபு:
நான் ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்தே பார்த்துவிட்டேன். எல்லாம் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது 0.3 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் 69 வாட். இரண்டு மாதத்துக்கு 99 யூனிட்! அக்கா சொல்வதைவிடப் பெரிய கொள்ளை இது.

ஆனைமலை ஒயர்மேன்:
பாபு, அந்தக் கணக்கு நிற்காதுங்க. ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கினால் வருவது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்லை. சின்ன அடாப்டர்களுக்கும் சும்மா நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கும் பவர் ஃபேக்டர், அதாவது விஏவில் நிஜ வாட்டின் பங்கு, ரொம்ப மோசம். 69 விஏ காட்டினால் நிஜ வாட் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். வீட்டு மீட்டர் கணக்கு வைப்பது வாட்டை மட்டும்தான்.

கருவியே வேண்டாம், மீட்டரையே கேளுங்க. முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும்; 3200 என்று வைப்போம். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டாண்ட்பை சாமான்களை மட்டும் விடுங்க. மீட்டரின் சிவப்பு விளக்கு (ஒரு மின்னல் ஒரு துடிப்பு) ஒரு தடவை மின்னியதிலிருந்து அடுத்த மின்னல் வரை எத்தனை நொடி என்று பாருங்க. 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். ஒரு நிமிடம் ஆனால் 19 வாட்டுக்குப் பக்கம், அரை நிமிடம் ஆனால் 37 அல்லது 38. முதல் மின்னலை நம்பாதீங்க, நாலைந்து பார்த்துச் சராசரி எடுங்க. துடிப்பு எண் வேறாக இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்க.

கோபாலபுரம் கதிர்:
இப்படி அளந்துவிட்டுப் பேசினால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் டிவி விஷயம் தொழிற்சாலையிலேயே முடிந்துபோனது. சர்வதேச எரிசக்தி முகமை ‘ஒரு வாட்’ திட்டத்தை முன்வைத்தது 1999இல். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சாதனங்களுக்குப் பொதுவாக 2010இல் ஒரு வாட் வரம்பு, 2013இல் அரை வாட் என்று சட்டமாகவே இறுக்கியது. உலகச் சந்தைக்குச் செய்யும் கம்பெனிகள் அதற்கேற்ப மாறிவிட்டன. இன்னும் பழைய டப்பா டிவி காலத்து அறிவுரையையே சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
அந்த அரை வாட், சும்மா ரிமோட்டுக்குக் காத்திருக்கும் பொருளுக்கு. நெட்டோடு இணைந்தபடி காத்திருக்கும் கருவிக்கு ஐரோப்பாவிலேயே வரம்பு அதைவிட அதிகம். இப்போது டிவி, ஸ்பீக்கர், கேமரா எல்லாமே வைஃபையில்தானே தொங்குகிறது? நீங்கள் முடிந்தது என்று சொல்வது வேறு வாசலில் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ரவுட்டர் ஒன்றே 8 வாட், ராத்திரி எட்டு மணி நேரம் அணைத்தால் நாலு யூனிட்.

கோபாலபுரம் கதிர்:
ரவுட்டரை அணைத்தால் திருடன் வரும் நேரத்தில் கேமராவும் தூங்கும். நாலு யூனிட்டுக்கு அது தேவையா?

மீனாட்சிபுரம் பாபு:
அப்போ ஒயர்மேன் அண்ணா, எதை அணைக்கலாம், எதைத் தொடக் கூடாது?

ஆனைமலை ஒயர்மேன்:
செட்டாப் பாக்ஸ், ஏசி ஸ்டெபிலைசர் ரெண்டும் தாராளமாக அணைக்கலாம். ஆனால் ஏசியை முதலில் ரிமோட்டில் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெபிலைசரை அணைங்க. ஓடும்போது மெயினைப் பிடுங்க வேண்டாம். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைத் தொடாதீங்க. இன்வெர்ட்டரையும் விட்டுடுங்க, ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும், அதன் விலைக்கு எத்தனை வருஷம் செட்டாப் பாக்ஸை அணைத்தாலும் ஈடாகாது.