தெர்மோஸ்டாட்டில் 32, குகைத் தரையில் 39: எதை நம்புவது?

மணல்மேடு:

என்னிடம் ஒரு பெண் லெப்பர்ட் கெக்கோ (வளர்ப்புப் பல்லி) இருக்கிறாள். 90 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி. ஒரு ஓரத்தில் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), அதற்கு ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்து மேட்டைப் போட்டு அணைக்கும் கருவி. 32 டிகிரியில் வைத்திருக்கிறேன், திரையும் 32 என்றே காட்டுகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முள் தெர்மாமீட்டர் 27ஐத் தாண்டுவதில்லை. சரி, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி, சூடான பக்கத்துக் குகைக்குள் இருக்கும் ஓட்டின் மேல் காட்டினேன். 39!

தெர்மோஸ்டாட்டின் புரோப், அதாவது சூட்டை உணரும் ஒயர், பின்பக்கக் கண்ணாடியில், தரைக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறது. விற்றவர்கள் அப்படித்தான் ஒட்டச் சொன்னார்கள்.

அவள் இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கிறாள். புழுவை வைத்தால் கிட்டே வந்து நாக்கால் ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். வாலில் பருமன் குறையவில்லை, வயிற்றில் சிவப்போ கொப்புளமோ இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஹீட் மேட்டைக் கழற்றிவிட்டுப் பல்புக்கு மாறிவிடலாமா?

கல்லிடுக்கு:

பல்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் புரோப்பை இடம் மாற்றுங்கள், இன்றைக்கே.

உங்கள் தெர்மோஸ்டாட் பழுதாகவில்லை. அதற்குத் தெரிந்தது புரோப்பின் நுனி இருக்கும் இடம் மட்டும்தான். ஹீட் மேட் தன்மேல் படும் பொருளைச் சூடாக்குமே தவிர, காற்றைப் பெரிதாகச் சூடாக்காது. இரண்டு விரல் மேலே 32 வர வேண்டும் என்றால் தரை அதைவிட எவ்வளவோ சூடாக வேண்டும். அந்த 39 அப்படி வந்ததுதான். முள் தெர்மாமீட்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் காட்டுகிறது, அதுவும் தோராயமாக. அதைக் கழற்றியே விடலாம்.

கெக்கோவுக்கு வேண்டியது வயிறு படும் இடத்தின் சூடு. குகைக்குள் ஓட்டின் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி வரை இருந்தால் போதும். குளிர்ந்த பக்கம் 22 முதல் 25 வரை. உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர் அது. சாப்பிட்டதைச் செரிக்கச் சூட்டுக்குப் போகும், போதும் என்றால் விலகும். இப்போது உங்கள் பெண்ணுக்குப் போக வர இடம் இருந்தும் போக முடியவில்லை. 39 டிகிரித் தரையில் அவள் படுக்க மாட்டாள். சூடில்லாமல் செரிக்காது என்பதால் புழுவையும் விடுகிறாள். அவள் செய்வது சரிதான்.

புரோப்பின் நுனியை மேட்டுக்கு நேர் மேலே, ஓட்டின் அடியில் தரையோடு படும்படி வையுங்கள். ஒயரை அவள் இழுக்காதபடி ஓரமாகக் கொண்டுபோங்கள். தொட்டிக்குள் டேப் வேண்டாம், பசையில் தோல் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. பிறகு திரையை மறந்துவிட்டு இன்ஃப்ராரெட்டால் ஓட்டின் மேலே அளந்து, 32 வரும்வரை தெர்மோஸ்டாட்டின் திருகை ஏற்றி இறக்குங்கள். திரை 34 என்று காட்டினாலும் கவலை இல்லை, மேலே 32 இருக்கிறதா என்பதே கணக்கு. வெளியே நின்று கண்ணாடி வழியாக அளக்காதீர்கள், கண்ணாடியின் சூடுதான் வரும்.

தரையில் என்ன பரப்பியிருக்கிறீர்கள்? மேட்டின் மேல் மண் தடிமனாக இருந்தால் சூடு மேலே ஏறாமல் அடியிலேயே தங்கும். அவள் தோண்டிக்கொண்டு அடிவரை போனால் வயிறு வெந்துவிடும்.

வெயில்காயும்பாறை:

கல்லிடுக்கு சொன்னது மேட்டுக்கு முழுக்கச் சரி. ஆனால் பல்புக்கு மாறும் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். வெயில் மேலேயிருந்துதான் வருகிறது. பகலில் ஹாலோஜன் பல்பு ஒரு தட்டைக் கல்லைச் சூடாக்கினால், கெக்கோக்கள் சுறுசுறுப்பாகும் அந்தி நேரத்தில் கல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்றும் கொஞ்சம் சூடாகும், மேட்டால் அது முடியாது.

மாறுவதென்றால் உங்கள் தெர்மோஸ்டாட் இதற்கு ஆகாது. பல்பு அணைந்து அணைந்து எரியும், சீக்கிரம் போய்விடும். டிம்மிங் வகை வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தே சூட்டை நிறுத்தும். பீங்கான் ஹோல்டர் கட்டாயம், பிளாஸ்டிக் உருகும். பல்பு தொட்டிக்குள் தொங்கினால் கம்பி வலைக் கூண்டும் வேண்டும்.

கல்லிடுக்கு:

ஹாலோஜன் நல்லதுதான், மறுக்கவில்லை. அவள் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மாற்றட்டும் என்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது உதவியது என்றே தெரியாது.

ஈரப்பாசி:

ஒன்று மட்டும். புரோப் நழுவித் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் தெர்மோஸ்டாட் அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டு மேட்டை நிறுத்தாமல் எரிக்கும். கிண்ணத்தைப் புரோப் எட்டாத தூரத்தில் வையுங்கள். தொட்டியின் அடியில் சின்னக் கால்கள் கொடுத்துக் காற்றுப் போக இடைவெளியும் விடுங்கள், சூடு அடைபட்டால் கண்ணாடியே விரியும்.

மணல்மேடு:

எல்லோருக்கும் நன்றி. புரோப்பை ஓட்டின் அடிக்கு மாற்றினேன், மண்ணையும் அந்த இடத்தில் மெலிதாக்கினேன். இப்போது ஓட்டின் மேலே 31க்கும் 33க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. நேற்று இரவு குகைக்குள் போய் வயிற்றைத் தரையோடு தரையாக ஒட்டி, பின்கால்களைப் பரப்பிப் படுத்திருந்தாள். பார்க்கவே நிம்மதியாக இருந்தது. காலையில் இரண்டு புழு உள்ளே போயிருக்கிறது!

இன்னொன்று: கோடையில் அறையே 33, 34 போகும். அப்போது தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளுமா?

கல்லிடுக்கு:

பார்த்துக்கொள்ளாது. அதற்கு அணைக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அறை அந்த அளவு போனால் குளிர்ந்த பக்கம் என்றே ஒன்று இல்லாமல் போகும், ஆபத்து அதில்தான். தொட்டியை வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத அறைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த பக்கத்துக் குகைக்குள் ஈரமான பாசி வையுங்கள், மேல்மூடி வலையாக இருக்கட்டும். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே அந்தப் பக்கக் கண்ணாடியோடு சாய்த்து வைத்தால் சில டிகிரி இறங்கும். வாயைத் திறந்தபடியே இருந்தாலோ, கண்ணாடியை ஓயாமல் பிறாண்டினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே குளிர்ந்த அறைக்குத் தூக்கிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.