குழு செமினாரை நாடகமாகவோ வில்லுப்பாட்டாகவோ நடத்திப் பார்த்தவர்கள் உண்டா?

சோதனைக்குழாய்:
வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு இளங்கலை உயிர்வேதியியல் வகுப்புக்கு வளர்சிதை மாற்றம் நடத்துகிறேன். வகுப்பில் 54 பேர். பருவந்தோறும் அவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்துக் குழு செமினார் கொடுப்பது எங்கள் துறையின் வழக்கம். ஆனால் இணையத்தில் கிடைத்த பிபிடியைத் திரையில் போட்டு ஒருவர் வாசிக்க, மற்ற ஐவரும் சுவரோரமாக வரிசையில் நிற்பதைத்தான் மூன்றாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கேள்வி கேட்டால், "அது அவளுடைய ஸ்லைடு, மேடம்" என்கிறார்கள். இந்தப் பருவத்தில் ஸ்லைடே கூடாது, நாடகம், வில்லுப்பாட்டு, பட்டிமன்றம் என எதுவானாலும் சரி என்று அறிவிக்க நினைக்கிறேன். போர்ஷன் முடியுமா என்று துறைத்தலைவர் கேட்கிறார். எனக்கோ, கைதட்டலுக்கு நடுவே பாடம் காணாமல் போய்விடுமோ என்பதே கவலை. இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்கலாம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா:
தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வடிவத்தை அவர்களிடம் விட்டுவிட்டு, கேள்வியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'கிரெப்ஸ் சுழற்சியை (உணவின் கார்பன்கள் செல்லுக்குள் கார்பன் டை ஆக்சைடாகி ஆற்றல் தரும் வினைச்சுழற்சி) நடித்துக் காட்டுக' என்று கொடுத்தால், கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்து வணக்கம் சொல்லிவிடுவார்கள். நான் கொடுத்த தலைப்பு, 'உள்ளே வந்த அசிட்டைல் கார்பன்கள் எப்போது வெளியே போகின்றன?' என்பது. சுழற்சிக்குள் அசிட்டைல் கோஏ கொண்டுவரும் இரண்டு கார்பன்களுக்குச் சிவப்புப் பலூன், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆக்சலோஅசிட்டேட்டின் நான்குக்கு நீலப் பலூன். ஆறும் சேர்ந்து சிட்ரேட் ஆனது. ஐசோசிட்ரேட் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாறும் கட்டத்தில், கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதைக் காட்ட ஒரு பலூனை உடைக்க வேண்டும். ஒத்திகையில் ஊசி வைத்திருந்த பையனின் கை நேரே சிவப்புக்குப் போயிற்று. 'இரண்டு கார்பன் வருகிறது, இரண்டு கார்பன் போகிறது' என்று படித்தவர் யாருக்கும் வந்தவையேதாம் போகின்றன என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் முதற்சுற்றில் போகும் இரண்டும் ஆக்சலோஅசிட்டேட் கொண்டுவந்தவை. சிவப்புக்கு முறை வருவது அடுத்தடுத்த சுற்றுகளில்தான். அரைமணி நேரம் சண்டை போட்டு, பாடநூலில் கார்பன் கார்பனாக விரல் வைத்துப் பார்த்த பிறகே அந்தக் குழு இதை ஒப்புக்கொண்டது. பிபிடியில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை, அங்கே கார்பனுக்கு நிறம் கிடையாது.

துறைத்தலைவரிடம் சொல்ல ஒரு செய்தி: 1971இலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பெருங்கூட்டம் ரைபோசோமாகவும் ஆர்என்ஏவாகவும் திறந்தவெளியில் ஆடிப்பாடி, புரதம் உருவாவதைப் படமாக்கியது. அதற்கு முன்னுரை சொன்ன பால் பெர்க் 1980இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

எதிர்வாதி:
பலூன் நாடகத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் மூலக்கூறுக்கு வாய் முளைக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. என் வகுப்பில் லாக் ஓபரானை, அதாவது பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியையும் அதைத் தடுத்து வைக்கும் ரெப்ரஸர் புரதத்தையும், ஒரு குழு வில்லுப்பாட்டாகச் செய்தது. பாட்டுக்கு 'ஆமாம்' போடுபவர் வகுப்பின் சார்பாகச் சந்தேகம் கேட்டுக்கொண்டே வந்ததால், அந்தக் கலைவடிவம் பாடத்துக்கு இவ்வளவு பொருந்துமா என்று நானே வியந்தேன். பருவத்தேர்வு விடைத்தாளில், 'பாக்டீரியா பசியால் வாடுவதைக் கண்டு ரெப்ரஸர் மனமிரங்கி விலகுகிறது' என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் ஒட்டிக்கொள்வதால் ரெப்ரஸர் புரதத்தின் வடிவம் மாறி, ஆபரேட்டர் என்னும் டிஎன்ஏ பகுதி மீதுள்ள பிடி தளர்கிறது என்பது பாட்டின் சுவையில் கரைந்துபோயிற்று. ஆகவே நிகழ்ச்சி முடிந்த கையோடு, 'இதில் எது உவமை, எது உண்மை?' என்று குழுவே கரும்பலகையில் பிரித்து எழுத வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, குழுவுக்குப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியும் எட்டு நிமிடக் கேள்வியும் என்றால், ஒரு பாடவேளைக்கு இரண்டு குழுக்களாக உங்கள் ஒன்பது குழுக்களும் ஐந்து பாடவேளையில் முடிந்துவிடும்.

தெர்மாகோல் சுமந்தவள்:
நான் ஆசிரியர் அல்லள், இப்படிப்பட்ட வகுப்பில் படித்தவள். எங்கள் குழுவில் நன்றாகப் பேசும் இருவர் நடித்தார்கள், ஒருவர் வசனம் எழுதினார். எனக்குக் கிடைத்தது தெர்மாகோலில் குளோரோபிளாஸ்ட் (பசுங்கணிகம்) வெட்டி வண்ணம் பூசி மேடைக்குத் தூக்கிவரும் வேலை. முழு மதிப்பெண் கிடைத்தது. ஒளிவினை எங்கே நடக்கிறது, இருள்வினை எங்கே நடக்கிறது என்று தேர்வுக்கு முந்தைய நாள்தான் படித்தேன், இத்தனைக்கும் ஒளிவினை நடக்கும் தைலகாய்டு அடுக்குகளை என் கையால்தான் ஒட்டியிருந்தேன். மேடைக்கூச்சம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தி நடிக்க வைக்க வேண்டாம், மேடம். நிகழ்ச்சி முடிந்ததும் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரிடம் குழுவின் பாடத்தில் எந்தப் பகுதியிலிருந்தும் கேள்வி கேளுங்கள். ஐந்து மதிப்பெண்ணில் மூன்று அந்தப் பதிலுக்கு என்று முதலிலேயே அறிவித்துவிட்டால், தெர்மாகோல் தூக்குபவளுக்கும் மற்றவர்கள் உட்கார்ந்து பாடம் சொல்லித் தருவார்கள்.

சோதனைக்குழாய்:
அனைவருக்கும் நன்றி. சீட்டுக் குலுக்கலையும் கரும்பலகை விதியையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒத்திகையை ஒருமுறையாவது நான் நேரில் பார்த்தாக வேண்டும் என்பதும் புரிகிறது. யூரியா சுழற்சிக் (உடல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வினைச்சுழற்சி) குழுவுக்கு இன்றே தலைப்பு கொடுத்துவிட்டேன். யூரியாவின் ஒரு நைட்ரஜன் அம்மோனியாவிலிருந்தும் மற்றொன்று அஸ்பார்டேட்டிலிருந்தும் வருவதால், 'இரண்டாவது நைட்ரஜன் யார் வீட்டுப் பிள்ளை?' என்பதே தலைப்பு. எதிர்வாதி ஐயா கோபிக்கக் கூடாது, அது உவமைப் பட்டியலில்தான் சேரும்.