குட்டி எண்ணிக்கைய மட்டும் பார்த்து தாய்ப்பன்னி எடுக்கலாமா?

வால்டோர்காரன்: பினாங்கு கம்போங் வால்டோர் பக்கம் பன்னிப் பண்ணையில வேலை பார்க்குறேன். தவுக்கே, அதான் முதலாளி, சொல்றாரு, 3 வருசத்துக்கு நிறைய குட்டி போட்ட தாயோட மகள்ங்கள மட்டும் வச்சிக்க, கொழுப்பு, தீனி எல்லாம் பொறவு பார்த்துக்கலாம்னு. எனக்கும் அதான் சரின்னு படுது, ஒரு நேரத்துல ஒன்னுல கை வச்சாதான் வேலை நடக்கும்.

கேஎல் பசங்க: இல்லண்ணே. ஒன்னொன்னா பார்க்குறதுதான் இருக்குறதுலயே மெதுவான வழின்னு 1942லயே ஹேசல், லஷ்ஷுன்னு ரெண்டு கால்நடை இனப்பெருக்க விஞ்ஞானிங்க கணக்கு போட்டு காட்டிட்டாங்க, எல்லா குணத்துக்கும் மார்க் போட்டு கூட்டுற இண்டெக்ஸ்தான் முன்னால நிக்குது. குட்டி எண்ணிக்கையில பரம்பரை பங்கு ஏறக்குறைய 10 சதவீதம்தான், மீதியெல்லாம் தீனி, சூடு, எத்தனாவது ஈத்துங்குறது, அதனால தாய் 15 போட்டுச்சேன்னு மகளும் போடும்னு நம்ப முடியாது. முதுகுக் கொழுப்பு அப்படி இல்ல, 40 சதவீதத்துக்கு மேல, நேரா அளந்தே எடுத்துடலாம். குட்டி எண்ணிக்கைய கணிக்க அக்கா தங்கச்சி, அத்தை, பாட்டி ரெக்கார்டு எல்லாம் சேர்க்கணும், அப்படி சொந்தக்கார பன்னிங்க ரெக்கார்ட வச்சு ஒவ்வொரு பன்னியோட பரம்பரை மதிப்ப கணக்கு போடுற முறைதான் ப்ளப் (BLUP). ஆண் பன்னி குட்டியே போடாது, அத வேற எப்படி எடை போடுவீங்க?

வால்டோர்காரன்: எங்க நோட்டுல பாதி காது நம்பர் தப்பு தம்பி. பாட்டி யாருன்னே தெரியாம ப்ளப் எங்க போடுறது?

பட்டர்வொர்த் மாமா: அதுக்குத்தான் பழைய வழி. காம்பு 14 இல்லையா, கால் கோணலா, பிறந்த கொஞ்ச நாள்லயே கழிச்சிடு. 100 கிலோ வந்ததும் கொழுப்பு அள, அளவுக்கு மேல இருந்தா அதையும் கழி. கம்ப்யூட்டரே வேணாம்.

கேஎல் பசங்க: கால் விசயத்துல மாமா சொல்றது ரொம்ப சரி. ஆனா 13 காம்போட எல்லாத்தையும் தாண்டி வளர்ற பன்னியும் போயிடுமே, அது நஷ்டம். ஒரே குணத்த துரத்துனதுக்கு, பதட்டம் வந்தாலே பன்னிய சாகடிக்கிற ஹாலோத்தேன் ஜீனே சாட்சி. சதை சதைன்னு எடுத்தாங்க, அதோட அந்த ஜீனும் பரவி லாரியில ஏத்துனாலே பன்னி செத்துச்சு, இறைச்சி வெளுத்து தண்ணி விட்டுச்சு, 1991ல அந்த ஜீன்ல எந்த இடத்துல மாற்றம்னு கண்டுபிடிச்ச பிறகுதான் ரத்தம் எடுத்து பார்த்து நல்லா கழிக்க முடிஞ்சது. டென்மார்க்ல பிறக்குற எண்ணிக்கைய ஏத்துனாங்க, சாகுற குட்டியும் ஏறுச்சு, 2004ல 5ஆம் நாள் உயிரோட இருக்குறத எண்ண ஆரம்பிச்சாங்க.

வால்டோர்காரன்: அது உண்மைதான், இங்கயும் 16 போட்டா 3, 4 தாய்க்கு அடியில நசுங்கிடுது, காலைல அத அள்ளுறது நான்தான், மனசு கேக்காது. ஆனா உங்க இண்டெக்ஸ்ல கொழுப்புக்கு எவ்ளோ மார்க், குட்டிக்கு எவ்ளோன்னு யாரு சொல்றது? தீனி விலை ஏறுனா அதுவும் மாறும்ல. நாளைலேர்ந்து நோட்டுல 5ஆம் நாள் கணக்குன்னு ஒரு கட்டம் போட்டுடுறேன், காது நம்பரையும் நானே சரி பார்க்குறேன். ஒரு நேரத்துல ஒன்னுங்குறத மட்டும் இன்னும் விடல.