புகை அலாரம் எங்கே மாட்டுவது?

செல்வம் மாமா: பென்னாகரம் ரோடு வீட்டில் எலக்ட்ரீசியன் நிற்கிறார். புகை அலாரம் சமையலறையிலா, ஹாலிலா? சீக்கிரம் சொல்லுங்க

சாந்தி அத்தை: வெள்ளிக்கிழமை ஹோமப் புகைக்கு அது கத்தாதா?

கார்த்தி: ஹால் மாமா, கூரையில். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கணும். சூடான காற்று புகையைத் தூக்கிக்கொண்டு மேலே போவதால்தான் கூரை. விண்வெளி நிலையத்தில் இது நடக்காது. ஈர்ப்பு தெரியாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது, விசிறிகள் காற்றை எந்தப் பக்கம் இழுக்கிறதோ புகையும் அங்கேதான் போகும். அதனால் அமெரிக்கப் பகுதியில் காற்றோட்டப் பாதையிலேயே டிடெக்டரை வைத்திருக்கிறார்கள். உள்ளே லேசர் ஒளி, புகைத்துகள் குறுக்கே வந்தால் அது சிதறும், உடனே அலாரம்.

செல்வம் மாமா: ஹால். சரி

ரமேஷ் சித்தப்பா: ஹாலில் ஃபேன் இருக்கே மச்சான்

கார்த்தி: ஃபேன் இறக்கையிலிருந்து மூணடி தள்ளி மாட்டச் சொல்லுங்க

சாந்தி அத்தை: ஹோமம்???

கார்த்தி: அது முடியும்வரை கழற்றி வையுங்க அத்தை, மறக்காமல் திரும்ப மாட்டணும். விண்வெளி நிலையத்திலும் இந்தத் தொல்லை உண்டு, தூசி கீழே படியாமல் மிதந்துகொண்டே இருக்கும், அதைப் புகை என்று நினைத்து அலாரம் அடித்துவிடும்.

பெரியப்பா: பாலக்கோட்டுப் பங்காளிகளுக்குப் பத்திரிகை போச்சா செல்வம்?

சாந்தி அத்தை: வைக்கோல் போர் எரிந்ததிலிருந்து அவங்க நம்ம வாசல் மிதிக்கலை

பெரியப்பா: அன்னைக்கு நான் பீடியே பத்தவைக்கலை. எத்தனை தடவை சொல்றது

பூங்கொடி சித்தி: அதை ஏன் இப்போ. தக்காளி எத்தனை கூடை?

கார்த்தி: 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் குப்பி ஒன்று தீப்பிடித்தது. உள்ளே ஆறு பேர், எங்கும் புகை. தப்பிக்க இருந்த இரண்டு சோயூஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீ மறித்துவிட்டது. நம்மைப் போல வாசலுக்கு ஓட முடியாது, அதனால்தான் முன்கூட்டியே தெரியணும். இப்போதைய நிலையத்தில் அலாரம் அடித்தால் காற்றோட்ட விசிறிகளை நிறுத்திவிடுவார்கள், தீக்குப் புதுக் காற்று போகாது.

பூங்கொடி சித்தி: ஆறு பேரும் பிழைத்தார்களா?

கார்த்தி: பிழைத்தார்கள் சித்தி

செல்வம் மாமா: மாட்டியாச்சு. பத்திரிகை இன்னும் கொடுக்கலை மாமா. யார் போறது?

ரமேஷ் சித்தப்பா: நாளைக்குத் தக்காளிக்குப் பாலக்கோடு மார்க்கெட் போறேன். பெரியவர் வந்தால் கூட்டிப்போறேன்

பெரியப்பா: எத்தனை மணிக்கு?