சாட் நாட்டு நரம்புச் சிலந்தித் திட்டம்: பட அட்டையை நம்ம ஊரணிக் கரையில் சோதித்தால் போதுமா?

கோவிலூர் தம்பி:
காரைக்குடியில் சின்ன வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறோம். மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நரம்புச் சிலந்தி (குடிநீர் வழியாக உடலுக்குள் போகும் புழு, பிறகு தோலைத் துளைத்து வெளிவரும் நோய்) ஒழிப்புக்குப் பட அட்டைகளும் வானொலி அறிவிப்புகளும் செய்து தரும் துணை ஒப்பந்தம் வந்திருக்கிறது. "தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள்" என்பதை மையமாக வைத்து வரைந்தாயிற்று. அங்கே போய்ச் சோதிக்க பட்ஜெட் இல்லை. இங்கே ஊரணித் தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டால் போதுமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
போதாது தம்பி. அதைவிட, மையமே இடம் மாறியிருக்கிறது. 1986-இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் இது. 2023-இல் மனிதர்களில் 14 பேர்தான். சாட்டில் இப்போது பெரிய தலைவலி நாய்கள். புழுவின் குஞ்சைச் சுமக்கும், தண்ணீரிலுள்ள நுண்ணிய ஓட்டுயிரியை மீன் விழுங்குகிறது, பச்சை மீன் குடலை நாய் தின்கிறது, அந்த வழியாகத் தொற்றுகிறது என்பதே வலுவான கணிப்பு. ஆகவே அங்கே கேட்க வேண்டிய செயல்கள்: மீன் கழிவைப் புதைப்பது, புழு வந்த நாயைக் கட்டிப்போடுவது, புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்காதது. வடிகட்டுவது இவற்றோடு ஒன்று.

ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. மீன் அரிபவர், நாய் வளர்ப்பவர், தண்ணீர் தூக்குபவர். மூவருக்கும் ஒரே அட்டை அடித்தால் யாருக்கும் அது தனக்கென்று படாது. அதோடு, குடித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் புழு வெளியே வருகிறது. தண்ணீருக்கும் புழுவுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. காரணத்தை விளக்கி மாளாது. செயலை மட்டும் கேளுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொன்னதோடு படத்தைப் பற்றி. பூதக்கண்ணாடியில் பெரிதாக்கிய பூச்சியை வரைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். "இவ்வளவு பெரிய பூச்சி எங்கள் குளத்தில் கிடையாது" என்பார்கள். அதே குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு வெயிலில் தூக்கிக் காட்டினால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளுவது தெரியும். அட்டையை விட அதற்குப் பலம் அதிகம், செலவும் கிடையாது.

வடிதுணியில் எப்போதும் நடக்கும் கோளாறு: புரட்டிப் போடுவது. மேல்பக்கம் தேங்கியது அடுத்த குடத்தில் நேராக விழும். ஒரு பக்கத்தில் அடையாளம் தைத்து, அந்தப் பக்கம் மேலே என்று படத்தில் காட்டுங்கள். கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் படமும் ஒன்று வேண்டும்.

கோவிலூர் தம்பி:
நன்றி ஆச்சி, அண்ணே. அப்போ பட்ஜெட்டை எங்கே கிள்ளுவது?

கானாடுகாத்தான் ஆச்சி:
அச்சில். படங்களைக் கோட்டுச் சித்திரமாகவே அங்குள்ள களப்பணியாளருக்கு அனுப்பி, தனித்தனி ஆளாகக் காட்டச் சொல்லுங்கள். "புரிகிறதா?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் தலையாட்டுவார்கள். "இந்த ஆள் என்ன செய்கிறார்? அடுத்து என்ன செய்வார்?" இவ்வளவுதான். ஒரே படத்தில் மூன்று நான்கு பேர் ஒரே மாதிரி தவறாகச் சொன்னாலே மாற்றி வரைந்து, புது ஆட்களிடம் மறுபடி காட்டுங்கள். வண்ணமும் அச்சும் அதற்குப் பிறகு.

நம்ம ஊரணிப் படிக்கட்டை வரைந்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் மண்கரைதான்.

தேவகோட்டை ரஸ்தா:
வானொலி: அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்றான பிரெஞ்சில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுத்தால் ஏட்டு அரபி வந்து சேரும், கிராமத்துப் பேச்சு அரபி வராது. அரபியே பேசாத ஊர்களும் உண்டு. எழுத்தைக் கொடுக்காமல் கருத்தை மட்டும் சொல்லி, உள்ளூர் ஆளைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு வேறொருவரை வைத்துத் திருப்பிப் பிரெஞ்சில் சொல்லவைத்தால் எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடும்.

அளவீட்டுக்கு "வடிகட்டுகிறீர்களா?" என்ற கேள்வியை ஒப்பந்தக்காரர் வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். துணியை எடுத்துவரச் சொல்லிப் பார்க்கட்டும்: ஈரமாக இருக்கிறதா, அடையாளம் எந்தப் பக்கம், ஓட்டை உண்டா. நாய் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, முன்கூட்டிச் சொல்லாமல் மீன் அரியும் நேரத்தில் போக வேண்டும்.