குதிரை சிகிச்சை: நடக்கத் தடுமாறும் ஏழு வயது மகனுக்குத் தொடங்கலாமா?

ஹேரோ அம்மா:

வணக்கம். நாங்கள் லண்டன் ஹேரோவில் இருக்கிறோம். என் மகனுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவன். செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறைவது), இரண்டு காலிலும் இறுக்கம். வாக்கர் பிடித்து நடப்பான். உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான். பேச்சு, படிப்பில் குறை இல்லை. பள்ளிக்கு வரும் ஃபிசியோ, "குதிரையில் ஏற்றிப் பாருங்களேன்" என்றார்.

விசாரித்ததில் ஒரு தனியார் இடம் கிடைத்தது. மூன்று மாதத்தில் பிடிமானம் இல்லாமல் நடக்க வைப்போம் என்று போனிலேயே சொல்கிறார்கள். கட்டணம் கையைக் கடிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரைச் சவாரி தரும் ஆர்டிஏ என்ற தொண்டு அமைப்பின் குழுவில் பெயர் கொடுத்தால் காத்திருக்க வேண்டுமாம். அம்மாவோ, "நிலத்தில நடக்கவே தடுமாறுற பிள்ளையைக் குதிரையில ஏத்தப் போறியா?" என்று அழுகிறார். நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எதை நம்புவது?

சைட் வாக்கர்:

தங்கச்சி, நான் பர்மிங்காம் பக்கம் ஒரு ஆர்டிஏ குழுவில் தொண்டராக இருக்கிறேன். ஒருவர் குதிரையைப் பிடித்து முன்னால் நடப்பார். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் கூடவே நடப்போம். அந்த இருவரில் ஒருவன் நான்.

முதலில் அந்தத் தனியார் இடம். மூன்று மாதத்தில் நடக்க வைப்பேன் என்று பிள்ளையைப் பார்க்காமலே சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் குதிரை சரிசெய்யாது. உடம்பு நிமிர்ந்து நிற்கப் பழகுவதற்கு உதவும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவு" உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், லேசாகத் திரும்பியும் அசையும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவு நிமிடத்துக்கு நூறு தடவை போலக் கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் விழாமல் இருக்க முதுகும் வயிறும் தானாக வேலை செய்ய வேண்டும். அப்புறம் சூடு. குதிரையின் உடம்பு நம்மைவிட ஒரு டிகிரி அளவு கூடுதல் சூடு, சுமார் 38. சேணத்துக்குப் பதில் மெத்தை விரிப்பைக் கட்டி உட்கார வைத்தால் அந்தச் சூடு உள்தொடையில் நேராக இறங்கும்.

எங்களிடம் வரும் ஒரு பெண் பிள்ளைக்கும் கால் இறுக்கம். ஏற்றும்போது இரண்டு முழங்காலும் ஒட்டிக்கொள்ளும், ரேம்பில் நின்று மெதுவாகப் பிரித்துத்தான் உட்கார வைப்போம். என் முன்கை அவள் தொடைமேல் இருப்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்: மணல் களத்தில் இரண்டு சுற்று முடிவதற்குள் அந்தத் தொடை தளர்ந்து கீழே தொங்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம். குதிரையை நிறுத்துவது, மறுபடி நடக்கவிடுவது. நிற்கும்போது முன்னால் சாய்வாள், கிளம்பும்போது பின்னால் போவாள், இரண்டுக்கும் நடுவில் நிமிரப் பழகுவாள். கம்பத்தில் வளையம் மாட்டச் சொன்னால் கடிவாளத்தை விட்டுவிட்டு ஒரு கையை நீட்டுவாள். அந்த நேரம் நான் தொடையை மட்டும் பிடிப்பேன், முதுகைத் தாங்கவே மாட்டேன். தாங்கினால் அவள் தசைக்கு வேலை இல்லை.

2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இந்த வகைப் பிள்ளைகள் 15 பேர். சிலரை எட்டு நிமிடம் குதிரையில் நடத்தினார்கள், மற்றவர்களை அதே எட்டு நிமிடம் அசையாத பீப்பாய்மேல் கால் அகட்டி உட்கார வைத்தார்கள். குதிரையில் இருந்தவர்களுக்குத்தான் இடது, வலது தசை வேலையில் இருந்த ஏற்றத்தாழ்வு குறைந்தது. சிறிய ஆய்வு, உடனடி மாற்றத்தை மட்டும் அளந்தது. ஆனாலும் கால் அகட்டி உட்காருவதால் அல்ல, அசைவால் வரும் பலன் இது என்று காட்டியது.

அம்மாவிடம் லிஸ் ஹார்டெல் பற்றிச் சொல்லுங்கள். டென்மார்க்காரர். 1944-இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரைமேல் ஏற, இறங்க ஆள் வேண்டும். அப்படியே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956-இலும் வெள்ளி. அவரைப் பார்த்துத்தான் பல நாடுகளில் இந்த முயற்சி சூடு பிடித்தது. எங்கள் ஆர்டிஏ 1969-இல் அமைந்தது.

லீட்ஸ் ஃபிசியோ:

அண்ணா சொன்னதோடு ஒரு முக்கியமான விஷயம். இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகலாம். சமீபத்திய இடுப்பு எக்ஸ்ரேயை உங்கள் மருத்துவமனை ஃபிசியோ பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஏற்றாதீர்கள். கட்டுப்படாத வலிப்பு இருந்தாலும் ஏற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பீர்கள் என்பதால்: கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகள் தளர்வாக இல்லை என்று உறுதி செய்த பிறகே குதிரை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பிள்ளையை ஏற்றிக்கொள்ளும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

மதுரை சித்தி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அக்கா மகளுக்கு 15 வயது, நியூஜெர்சியில் இருக்கிறாள். பதற்றம், பள்ளிக்கே போவதில்லை. அவளுக்கும் சவாரி பயன்படுமா?

நியூஜெர்சி கவுன்சிலர்:

சித்தி, அவளுக்குச் சவாரியே தேவைப்படாமல் போகலாம். மனநலத்துக்காகச் செய்வது பெரும்பாலும் தரையில் நின்று செய்யும் வேலை: குதிரையைத் துலக்குவது, கயிறு பிடித்து நடத்துவது. உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரும் குதிரை தெரிந்த ஒருவரும் கூடவே நிற்க வேண்டும். நாம் உடம்பை விறைத்துக்கொண்டு போனால் குதிரை காதைத் திருப்பும், தலையைத் தூக்கும், விலகும். "நான் நல்லாதான் இருக்கேன்" என்று என்னிடம் சொல்லும் பிள்ளை, குதிரை ஏன் விலகியது என்று பேச ஆரம்பித்து, தன்னைப் பற்றிச் சொல்லி முடிக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அதிர்ச்சி அனுபவத்தால் மனம் பாதித்த 63 முன்னாள் படைவீரர்களுக்கு வாரம் 90 நிமிடம், எட்டு வாரம் இப்படிச் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். பலருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இப்போது பார்க்கும் டாக்டரையோ மருந்தையோ நிறுத்திவிட்டு இதற்கு வரச் சொல்லாதீர்கள்.

ஹேரோ அம்மா:

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரே அறிக்கை கேட்டு எழுதிவிட்டேன், ஆர்டிஏ படிவமும் அனுப்பியாச்சு. சைட் வாக்கர் அண்ணா, அதுவரை சும்மா இருக்காமல் என்ன செய்யலாம்?

சைட் வாக்கர்:

அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு வகுப்பைப் பார்க்கப் போங்கள், கேட்டால் விடுவார்கள். மகனுக்கு ஹெல்மெட் போட்டுப் பழக்குங்கள், அந்தப் பட்டை தாடையில் படுவதைப் பல பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். ஏறும் நாளில் உள்தொடையில் தடித்த தையல் இல்லாத கால்சட்டையாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.