வேலூர் வெயில்ல ஹைப்ரிட் பேட்டரிய எப்படி காப்பாத்துறது?

சத்துவாச்சாரிக்காரன்: அண்ணா, அப்பாவுக்கு பழைய டொயோட்டா பிரியஸ், அதான் பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுற ஹைப்ரிட் கார் ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்கியிருக்கோம், நாள் பூரா வெயில்லதான் நிக்குது, மே மாசம் நம்மூரு 40 டிகிரிய தாண்டிடுது, பெரிய பேட்டரி போனா செலவு எகிறும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, இன்னா பண்லாம்?

காட்பாடி மெக்கானிக்: தம்பி, அதுல கீறது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுன்ற வகை பேட்டரி, சூடுதான் அதுக்கு எமன். பின் சீட்டு ஓரமா காத்து போற ஓட்டை ஓட்டையான ஜாலி மூடி ஒண்ணு கீது பாரு, கார் உள்ள இருக்கிற காத்ததான் அது வழியா ஃபேன் இழுத்து பேட்டரிய ஆத்துது. பை, துண்டுன்னு எதையும் அதுமேல போட்டு அடைக்காத, தூசி படிஞ்சா வேக்குவம் போடு. கார் உள்ள கூலா இருந்தாதான் பேட்டரியும் கூலா இருக்கும், அதனால வெயில்ல ஏசிக்கு கணக்கு பாக்காத. ஃபேன கழட்டுறதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடு, ஆரஞ்சு வயர்ல 200 வோல்டுக்கு மேல ஓடுது, கைய வெச்சிடாத.

பாகாயம் டிரைவர்: கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல மாட்டினா நியூட்ரல்ல போடாதீங்க சார், நியூட்ரல்ல என்ஜின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஏறாது, டி (டிரைவ்) கியர்லயே பிரேக்க மிதிச்சி நில்லுங்க.

சத்துவாச்சாரிக்காரன்: மாசக்கணக்குல ஊருக்கு போனா?

காட்பாடி மெக்கானிக்: நிழல்ல நிறுத்து. வீட்ல யாரையாவது அப்பப்ப டேஷ்போர்டுல ரெடி லைட் எரியுற மாதிரி ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் வெளிய ஓட்டிட்டு வர சொல்லு, 12 வோல்ட் சின்ன பேட்டரிக்கும் அதுலயே சார்ஜ் ஏறிடும்.